கல்தொட்டியில் பஸ் நிற்பதில்லை

வான்ஜென்னுக்குக் கோபக்காரர்களைக் கண்டு பயம் கிடையாது. கீலுங் துறைமுகத்துக்கு எதிரே, வடமுனை பஸ் கம்பெனியின் மாடி அலுவலகத்தில் அவள் பார்த்த வேலையே கோபக்காரர்களுக்குப் பதில் எழுதுவதுதான். கம்பெனியின் இணையப் பக்கத்தில் யார் என்ன எழுதினாலும் பதில் போகும். அதில் அவள் பெயர் இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு கம்பெனிப் பக்கத்துக்குப் பின்னாலும் இப்படி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது ஊருக்கே தெரியும். அந்த ஆளுக்கு ஊர் வைத்த பெயர் 'குட்டி எடிட்டர்'.

"குட்டி எடிட்டரே, ஏழரை பஸ் என் மூக்குக்கு முன்னாடி கதவைச் சாத்திட்டுப் போயிடுச்சு. உங்க டிரைவருக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?" என்று ஒருவர் எழுதுவார்.

வான்ஜென் முதலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பிறகு, மழையில் குடையோடு ஓடி வந்து கதவு சாத்துவதைப் பார்க்க நேர்ந்த அவருடைய வேதனையை அவரே சொல்லாத அழகோடு திருப்பிச் சொல்வாள். அப்புறம் மன்னிப்பு. கடைசியில், "உரியவர்களிடம் தெரிவித்துவிட்டோம், உங்கள் பொறுமைக்கு நன்றி." உரியவர்கள் யார் என்று மட்டும் எழுத மாட்டாள். ஆள் அடங்கவில்லை என்றால், "தயவுசெய்து எங்கள் விசாரணை எண்ணில் அழையுங்கள், நேரில் பேசுவோம்" என்று கூட்டத்திலிருந்து அவரை மெல்ல நகர்த்திக்கொண்டு போய்விடுவாள். யாரும் அழைப்பதில்லை. அழைக்க வேண்டிய அந்தப் பழைய தொலைபேசி அவள் மேஜை மேலேயேதான் இருந்தது. போன்களில் நேர அட்டவணை வந்த பிறகு அதை யாரும் தேடவில்லை. ஆள் குறைப்பு நடந்தபோது கம்பியோடு தூக்கிக்கொண்டு வந்து இவள் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

இவள் கையெழுத்து இல்லாத இந்தப் பதில்களுக்கு ரசிகர்கள் உண்டு. ஒரு நாய் தனியாக பஸ் ஏறிக் கோயில் நிறுத்தத்தில் இறங்கிப் போனதற்கு, "பயணி வரிசையில் நின்று ஏறினார், சத்தம் போடவில்லை, மற்றவர்களும் பின்பற்றலாம்" என்று அவள் எழுதியதைத் தீவு முழுக்கப் படித்துச் சிரித்தார்கள். மேனேஜர் சுங் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவைத்தார். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணாமல் இருக்க, அந்த ஊர் அலுவலகங்களின் நம்பிக்கைப்படி, அதன் தலையில் ராசிக்காகப் பச்சைப் பொட்டலத் தின்பண்டம் ஒன்றை வைத்திருந்தாள். அது காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்புதான்.

மலைப்பாதை பஸ்ஸுக்குப் புது இருக்கை போட்டிருந்தார்கள். அந்தப் படத்தை ஒரு மழைக்கால மத்தியானத்தில் பக்கத்தில் போட்டாள் வான்ஜென். வழக்கமான சிரிப்புப் பொம்மைகளுக்கு நடுவே ஒரு வரி வந்தது.

"கல்தொட்டியில பஸ் நிக்கறதே இல்லை. கை காட்டிக்கிட்டே இருக்கோம்."

எழுதியவரின் பெயர் ஆ-லியென். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற வட்டத் தலை. படமும் இல்லை, நண்பர்களும் இல்லை.

வான்ஜென் பெயர் சொல்லி அழைத்து, மழையில் கை காட்டிக் காத்திருந்த சிரமத்துக்கு வருந்தி, எந்த நேரத்து பஸ் என்று கேட்டாள்.

"சாயங்கால பஸ். கீழ போறது."

டிரைவரிடம் விசாரிக்க அவள் டிப்போவுக்கு இறங்கிப் போனாள். மலைப்பாதையின் சாயங்கால பஸ் கோ அண்ணனுடையது. பல வருஷமாக அதே பாதைதான் ஓட்டுகிறார். வாய் நிறையப் பாக்கு அடக்கிக்கொண்டு டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், கேள்வியைக் கேட்டதும் துப்பிவிட்டு வந்து நின்றார்.

"எந்த நிறுத்தம்னு சொன்னே?"

"கல்தொட்டி."

"யாரோ உன்னை ஓட்டறாங்க, தங்கச்சி. பெரிய புயல் வந்துச்சே, அந்த வருஷம் மலை சரிஞ்சு அந்த ஊரே போயிடுச்சு. நிறுத்தக் கம்பத்தையும் பிடுங்கியாச்சு. இப்ப அங்க பெரணிச் செடியும் குரங்கும்தான். குரங்கு கை காட்டுனா நான் நிறுத்தறதில்லை."

மேலே வந்த வான்ஜென் மரியாதை குறையாமல் எழுதினாள்: "அந்த நிறுத்தம் இப்போது பயன்பாட்டில் இல்லை. சற்றுக் கீழே உள்ள கோயில் நிறுத்தத்துக்கு வந்து ஏறிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

"அங்க வர வழியில்லை," என்று பதில் வந்தது. "எல்லாரும் மூட்டை முடிச்சோட நிக்கிறோம். கொழந்தைங்க நனையுது."

மறுநாளும் எழுதினாள் ஆ-லியென். அதற்கு மறுநாளும். துறைமுகத் திருவிழா அறிவிப்பானாலும் டிரைவர் வேலைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பானாலும் அடியில் ஒரே வரிதான்: கை காட்டிக்கிட்டே இருக்கோம். வான்ஜென்னும் விடாமல் பதில் எழுதினாள். பதில் சொல்லாமல் விடுவது அவளால் ஆகாத காரியம். ஊரில் யாரோ ஒருவர் பழைய செய்திகளைத் தோண்டிக் கல்தொட்டி எது என்று கண்டுபிடித்தார். அவ்வளவுதான், குட்டி எடிட்டர் ஆவியோடு வழக்காடுகிறாள் என்று கூட்டம் கூடிவிட்டது. "இந்தப் பொண்ணு செத்தவங்ககிட்ட கூட மன்னிப்பு கேக்குறா, என் வீட்டுக்காரர் உயிரோட இருந்துக்கிட்டு ஒரு தடவை கேட்டதில்லை" என்று ஒரு பெண் எழுதியதை ஆயிரக்கணக்கானவர்கள் விரும்பினார்கள்.

மேனேஜர் சுங் கையில் பால் டீக் கோப்பையோடு அவள் மேஜைக்கு வந்தார். முதலாளியின் மாப்பிள்ளை. கெட்ட மனிதர் இல்லை. எண்கள் ஏறினால் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார்.

"வான்ஜென், பாத்தியா எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு? நம்ம கம்பெனி பேரை இதுக்கு முன்னாடி எவன் தேடினான்?"

"யாரோ விளையாடறாங்க மேனேஜர். கண்டுக்காம விட்டுடலாம்னு பாக்கறேன்."

"விடறதா! ஆளா இருந்தா என்ன, ஆவியா இருந்தா என்ன, நீ பதில் போட்டா கூட்டம் வருது. ஒண்ணு பண்ணு. 'நாளை சாயங்காலம் எங்கள் பஸ் கல்தொட்டியில் நிற்கும்'னு அறிவிப்பு போடு. நீயே போய் வீடியோ எடு."

வான்ஜென்னும் சிரித்தாள். அறிவிப்பை அவளேதான் எழுதினாள், பூப்படம் எல்லாம் போட்டு: "கல்தொட்டிப் பயணிகளே, மன்னிக்கவும். நாளை நிச்சயம் நிற்போம்."

மறுநாள் மலை உச்சியில் உள்ள வெந்நீர்ப்பள்ளம் நிறுத்தத்திலிருந்து கீழே இறங்கும் பஸ்ஸில் அவளையும் கோ அண்ணனையும் தவிர வேறு யாரும் இல்லை. மழை இல்லை, மூடுபனி மட்டும். விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்தார் கோ அண்ணன்.

"கதவைத் தொறந்தா குளிர் உள்ள வரும். வேற ஒண்ணும் வராது. சொல்லிட்டேன்," என்றார்.

கல்தொட்டியில் நிறுத்தினார். சாலையோரத் தடுப்புக்கு அப்பால் பெரணியும் சரிந்த மண்ணும்தான். கம்பம் இருந்த இடத்தில் ஒரு சிமெண்டுக் கட்டை. கதவு திறந்தது. வான்ஜென் போனை நீட்டிப் பிடித்து வீடியோவுக்கான குரலில் கூவினாள்: "வாங்க, வாங்க! கல்தொட்டிப் பயணிகளே, ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டோமா?"

ஒன்றும் நடக்கவில்லை. இலையிலிருந்து நீர் சொட்டியது. அவள் போனைத் தாழ்த்தினாள், பதிவை நிறுத்தவில்லை. கதவு இன்னும் திறந்தே கிடந்தது.

"போதும் அண்ணே. மூடிடுங்க."

"இரு," என்றார் கோ அண்ணன் கண்ணாடியைப் பார்த்தபடி. "ஏறட்டும்."

பல வருஷப் பழக்கத்தில் வாயில் வந்த வார்த்தை மாதிரிதான் அது இருந்தது. ஏன் அப்படிச் சொன்னார் என்று பின்னால் கேட்டபோது, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார். ஆனால் வீடியோவில் அந்தக் குரல் பதிவாகியிருந்தது.

கதவை மூடி வண்டியை எடுத்தார். இறக்கத்தில் வண்டி தானாக ஓடும். அன்றைக்கு அவர் வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து, பிரேக்கை அழுத்தி, கூட்டம் பிதுங்கும் வண்டியை இறக்குவது போல இறக்கினார். அவர் பாக்கு மெல்லவில்லை.

கோயில் நிறுத்தத்தில் நிஜப் பயணிகள் ஏறினார்கள். கூடை வைத்திருந்த இரண்டு பெண்கள், பள்ளிச் சீருடையில் சிலர், ஒரு தபால்காரர். புது இருக்கைகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஏறியவர்கள் எல்லாரும் நடைபாதையில் நின்று மேலே தொங்கும் பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி, கால் வலிக்கிறது போல, ஓர் இருக்கைப் பக்கம் குனிந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன், கூடையை மட்டும் வெச்சுக்கறேன்," என்றாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

வான்ஜென் அவளிடம் மெல்லக் கேட்டாள். "அக்கா, ஏன் நிக்கிறீங்க? சீட்டு இருக்கே."

அந்தப் பெண் இருக்கைகளைப் பார்த்தாள். முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. "ஆள் இருக்காங்கன்னு நெனச்சேன்," என்றாள். சொன்ன பிறகும் உட்காரவில்லை.

அப்போதுதான் வான்ஜென் தன்னையே கவனித்தாள். கல்தொட்டியிலிருந்து அவளும் நின்றுகொண்டுதான் வந்தாள்.

வீடியோவை அவள் போட்டிருக்க வேண்டாம். ஆனால் மேனேஜர் காத்திருந்தார், ஊர் காத்திருந்தது. காலி இருக்கைகளும் நிற்கும் மனிதர்களும் இருந்த அந்தக் கொஞ்ச நேரப் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: "ஏன் யாரும் உக்காரலை?" அதற்குக் கீழே சிரிப்புகள் குறைந்தன.

ஆ-லியென் மறுநாள் காலையில் எழுதியிருந்தாள்.

"பஸ் நின்னதுக்கு நன்றி. ஏறினோம். ஆனா கீழ வந்து சேர்றதுக்குள்ள மறுபடியும் நிறுத்தத்துலயேதான் நிக்கிறோம்."

வான்ஜென் "உங்கள் பொறுமைக்கு" வரை தட்டிவிட்டு அழித்தாள். மறுபடி தட்டினாள், மறுபடி அழித்தாள். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

"போன்ல பேசின பொண்ணும் உங்களை மாதிரியே ரொம்ப மரியாதையாப் பேசினா. காத்திருங்கன்னு சொன்னா. அதான் நிக்கிறோம்."

வான்ஜென் அந்த வரியைப் படித்தாள். பிறகு பக்கத்திலிருந்த பழைய தொலைபேசியைப் பார்த்தாள். அவள் டிப்போவுக்கு இறங்கிப் போனபோது கோ அண்ணன் வண்டிக்குள் ஏறாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து வண்டியை உள்ள விட்டுட்டு விளக்கை அணைக்கக் கை போகலை," என்றார். "ஆளுங்க உக்காந்திருக்கிறப்ப விளக்கை அணைச்சுட்டுப் போற மாதிரி. மரியாதை இல்லைன்னு தோணுச்சு."

"அண்ணே, அந்தப் புயல் வந்தப்ப ஆபீஸ்ல போன் எடுத்தது யாரு?"

அவர் முகவாயால் டிக்கெட் கவுண்டரைக் காட்டினார்.

கவுண்டரில் இருப்பது பாவ்ஜூ அக்கா. மாத பாஸ் கொடுப்பவள். எல்லாரிடமும் அளவாகப் பேசுவாள், யாரிடமும் நின்று பேச மாட்டாள். ஊரே பார்த்த வீடியோவை அவள் பார்த்திருக்கவில்லை. அவளிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன்தான். வான்ஜென் கல்தொட்டி என்று சொன்னதும், வரிசையில் ஆள் நிற்கிறபோதே கவுண்டரின் கண்ணாடியை இழுத்து மூடினாள்.

"யார் சொன்னா உனக்கு?"

வான்ஜென் போனை நீட்டினாள். பாவ்ஜூ அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்துவிட்டுப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"காலையிலயே கீழ வந்துடுங்க, பள்ளிக்கூடத்துல தங்கிக்கலாம்னு அவங்களுக்கு வார்டு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. பாதிப்பேர்கிட்ட வண்டி கிடையாது. அங்க ஒரு கடை இருந்துச்சு, அந்தக் கடை போன்லேருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. சாயங்கால பஸ் வருமான்னு கேட்டாங்க. நடந்தே கிளம்பிடவான்னு கூடக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரும்னு சொன்னேன். கொஞ்சம் தாமதமாகலாம், தயவுசெஞ்சு நிறுத்தத்துலயே காத்திருங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? அப்படித்தான் சொல்லணும்னு சுவர்ல எழுதி ஒட்டியிருந்தாங்க. வராதுன்னா கத்துவாங்க. வரும்னா போனை வெச்சுடுவாங்க."

"பஸ்?"

"மேல போன பஸ்ஸைக் கோயில்கிட்டேயே திரும்பி வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு யாரும் சொல்லலை. நானும் கேக்கலை." பாவ்ஜூ அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "விசாரணை வந்துச்சு. மழைதான் காரணம்னு முடிச்சாங்க. என்னைக் கூப்பிட்டுக் கேக்கக்கூட இல்லை. வான்ஜென், அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லிட்டுத்தான் போனை வெச்சாங்க. 'வீட்டுக்குப் போறப்ப நீயும் பத்திரமாப் போம்மா'ன்னாங்க."

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அவள் திறந்து, பாஸைக் கொடுத்து, "நல்லபடியாகப் போய் வாருங்கள்," என்று சொல்லி, மறுபடி மூடினாள்.

அன்று மத்தியானம் மேனேஜர் சுங் புதுத் திட்டத்தோடு வந்தார். செத்தவர்களுக்குப் படையல் வைக்கிற ஆவி மாதம் வரப்போகிறது. கல்தொட்டி என்று அச்சடித்த சிறப்பு டிக்கெட், பஸ்ஸுக்குக் காகித விளக்கு, வாரக் கடைசியில் ஒரு நடை.

"மேனேஜர், அங்க நிஜமாவே ஆளுங்க செத்திருக்காங்க."

"தெரியும், தெரியும். மரியாதையாத்தான் செய்வோம், ஊதுபத்தி எல்லாம் வைப்போம்." குரலைத் தாழ்த்தினார். "அவங்க குடும்பத்துல யாரும் மிச்சம் இல்லையாமே? கேட்டுட்டேன். புகார்னு யாரும் வர மாட்டாங்க."

"வந்துக்கிட்டேதான் இருக்கு," என்றாள் வான்ஜென்.

அவருக்குப் புரியவில்லை. நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

வான்ஜென் பக்கத்தைத் திறந்தாள். இத்தனை வருஷங்களில் எத்தனையோ பேருக்கு எழுதிய வாக்கியம்தான். ஆனால் இந்தத் தடவை கூட்டத்திலிருந்து யாரையும் நகர்த்துவதற்காக எழுதவில்லை. "ஆ-லியென் அக்கா, தயவுசெய்து எங்கள் விசாரணை எண்ணில் அழையுங்கள். நேரில் பேசுவோம். நான்தான் எடுப்பேன்."

அனுப்பிவிட்டுக் கீழே போய்ப் பாவ்ஜூ அக்காவை அழைத்தாள். அக்கா வர மாட்டேன் என்றாள். பிறகு கவுண்டரைப் பூட்டிவிட்டு வந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் உட்காராமல் கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் வெயில் அடித்தது. இந்த ஊரில் அது அபூர்வம். அலுவலகத்தில் எல்லாரும் அதைப் பார்க்க ஜன்னல் பக்கம் போயிருந்தார்கள்.

தொலைபேசி அடித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வான்ஜென் எடுத்தாள். முதலில் மழை கேட்டது. தகரக் கூரை மேல் விழுகிற, பேச்சை அமுக்குகிற மழை. அதற்குள் எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. அப்புறம் ஒரு பெண் குரல், கத்திப் பேசுகிற, ஆனால் பணிவான குரல்.

"ஹலோ, பஸ் கம்பெனிங்களா? தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. கல்தொட்டியிலேருந்து பேசறேன். சாயங்கால பஸ் வருமுங்களா?"

"தயவு—" என்று வான்ஜென்னின் வாய் தானாகத் தொடங்கியது. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"வராது அக்கா," என்றாள். "பஸ் வராது. காத்திருக்காதீங்க. கிளம்பி நடந்து வந்துடுங்க."

மழை. பிறகு: "வராதுங்களா? ஆனா முன்னாடி எடுத்த பொண்ணு வரும்னு சொன்னாளே. நல்ல பொண்ணு. அவ பொய் சொல்ல மாட்டா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா? இங்க எல்லாரும் அவ சொன்னான்னுதான் நிக்கிறாங்க."

வான்ஜென் நிமிர்ந்து பார்த்தாள். தொலைபேசிக் குழாய்க்குள்ளிருந்து வந்த குரல் பாவ்ஜூ அக்காவுக்கும் கேட்டிருந்தது. அவள் தலையை அசைத்தபடி பின்னால் போனாள். முதுகு சுவரில் ஒட்டியிருந்த நாய்ப் பதிலில் போய் முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவங்க இங்கதான் இருக்காங்க," என்றாள் வான்ஜென் குழாயில். "இருங்க, தர்றேன்."

இருங்க என்று சொல்லிவிட்டோமே என்று அவளுக்குத் திக்கென்றது. அந்த ஒரு வார்த்தைக்கே எதிர்முனையில் எல்லாம் அடங்கிக் காத்திருப்பது தெரிந்தது. குழந்தைகூடச் சிணுங்கவில்லை.

பாவ்ஜூ அக்கா வந்து குழாயை வாங்கினாள். "அம்மா," என்றாள்.

"ஆ, நீதானா கண்ணு? குரல் கொஞ்சம் மாறியிருக்கே. சளி பிடிச்சிருக்கா?"

"அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன். பஸ் கோயில்கிட்டேயே திரும்பிடுச்சு. வராது. எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன்." இப்போது அவள் கத்தினாள், மழைக்கு மேலே கேட்க வேண்டும் என்பது போல. "மூட்டையெல்லாம் அங்கேயே போட்டுடுங்க! கொழந்தைங்களைத் தூக்கிக்கங்க! மலைப்பக்கமா நடக்காதீங்க, வெளிப்பக்கமாவே வாங்க! நிக்காதீங்க, இப்பவே கிளம்புங்க!"

ஜன்னல் பக்கம் வெயில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மேனேஜர் சுங் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"சரிம்மா," என்றது குரல். "அப்ப கிளம்பறோம்." குழாயை வைக்கும் சத்தம் கேட்கவில்லை. அது எங்கோ தொங்கவிடப்பட்டது போலிருந்தது. மழைக்குள்ளே அந்தப் பெண் யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், ஒருவர் விடாமல். யாரோ எதற்கோ சிரித்தார்கள். பிறகு ஈரச் செருப்புகள் தட்தட்டென்று பல கால்களாகக் கிளம்பின, தூரம் போயின. அப்புறம் மழை மட்டும். பாவ்ஜூ அக்கா குழாயைக் காதோடு ஒட்டிக்கொண்டு, உட்கார்ந்து, அது வெறும் இரைச்சலாக ஆகும்வரை கேட்டாள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு முன்பே பக்கத்தில் புகார்கள் வரத் தொடங்கின. மலைப்பாதை பஸ் வெறும் சாலையில் நடை வேகத்தில் வருகிறது. டிரைவருக்கு உடம்பு சரியில்லையா? பின்னால் கார்கள் நீள வரிசையாக நிற்கின்றன. ஆனால் ஒரு காரும் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. அதையும் ஒருவர் வியந்து எழுதியிருந்தார்.

கோ அண்ணன் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நேரே மாடிக்கு வந்தார். அவர் மாடி ஏறி வந்ததை வான்ஜென் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கல்தொட்டி வளைவு தாண்டினதும் காலு தானா பிரேக்குக்குப் போச்சு," என்றார். "என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை, தங்கச்சி, சத்தியமா. ஆனா எதிர்ல வந்த வண்டியெல்லாம் வெளிச்சத்தைத் தாழ்த்திட்டு ஓரம் ஒதுங்கிச்சு. கூட்டம் நடந்து வந்தா ஒதுங்குவாங்களே, அப்படி. சரின்னு நானும் விளக்கைப் போட்டுக் காமிச்சுக்கிட்டே பின்னாடி வந்தேன். துறைமுக முக்குல பச்சை விழுந்துச்சு, நான் எடுக்கலை. அவங்க ரோட்டைத் தாண்டட்டும்னு நின்னேன். ரெண்டு தடவை சிவப்பு விழுந்து மாறிச்சு. அப்புறம் வண்டியை எடுத்தேன். இறகு மாதிரி வந்துச்சு."

"உள்ள இருந்தவங்க?"

"எல்லாரும் உக்காந்துதான் வந்தாங்க. திட்டிக்கிட்டே வந்தாங்க." அவர் சட்டைப்பையில் பாக்குப் பொட்டலத்தைத் தேடினார். "எங்க போவாங்க இனிமே? அந்தப் பள்ளிக்கூடத்தை இடிச்சு ஆச்சே பல வருஷம்."

பாவ்ஜூ அக்கா ஜன்னல் வழியாக, விளக்கு போட்ட துறைமுகத் தெருக்களில் குடையோடு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை மறுபடி பிடித்திருந்தது.

வான்ஜென் புகார்களைத் திறந்தாள். முதல் ஆள் கடுங்கோபத்தில் இருந்தார். "குட்டி எடிட்டரே, ஒரு மணி நேரம்! காலி ரோட்டுல! எதுக்குன்னு ஒரு காரணம் சொல்லு பாப்போம்."

அவள் அவருடைய சிரமத்தைத் திருப்பிச் சொல்லவில்லை. உரியவர்களிடம் தெரிவித்துவிட்டதாகவும் எழுதவில்லை. "முன்னால் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்," என்று எழுதினாள்.

மேனேஜர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார். அழிக்கச் சொல்லவில்லை.

பதில் உடனே வந்தது. "நான் முன்சீட்டுல உக்காந்திருந்தேன். ரோட்டுல ஒருத்தரும் இல்லை."

வான்ஜென் மறுபடி விசைப்பலகையில் கை வைத்தாள்.

"குழந்தைகளும் இருந்தார்கள்," என்று எழுதினாள். "அதனால்தான் மெதுவாக வந்தோம்."